சாட்சியையும் சோதிக்க வேண்டும்

கைக்குழந்தையின் நாவிலே தயிர் படிந்தாற்போன்ற வெண்படலத்தைப் பல தாய்மார் கண்டிருப்பர். அதனை உண்டாக்குவது ‘கன்டிடா அல்பிக்கன்ஸ்’ என்னும் ஒருவகை மதுவம். பாணைப் பொங்கச் செய்யும் ஈஸ்டுக்குத் தூரத்து உறவு. நம்மிற் பலருடைய வாயிலும் குடலிலும் அது தீங்கின்றிக் குடியிருக்கின்றது. ஆனால், நலிந்த நோயாளியின் இரத்தத்திற் புகுந்துவிட்டாலோ, உயிருக்கே உலை வைத்துவிடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆபத்தான பங்கசுக்களின் பட்டியலிலே, இதற்கு முதல் வரிசையில் இடங் கிடைத்தது.

அடங்கிக் கிடந்த விருந்தாளி பகைவனாவது எங்ஙனம்? விடையின் ஒரு பகுதி அதன் கலச்சுவரில் இருக்கின்றது. சுவரின் வெளிப்புறத்தே பலவகைப் புரதங்கள் செறிந்துள்ளன. அவற்றுள் ‘அல்ஸ்’ என்பது ஒரு குடும்பம். அதற்குரிய பரம்பரையலகுகள் எட்டு. அக்குடும்பத்தைச் சேர்ந்த ‘அல்ஸ்-3’ நம் உடற்கலங்களைப் பற்றிப்பிடித்து உள்ளே நுழைய வழி செய்கின்றது.

சாதாரண நுணுக்குக்காட்டியில் இப்புரதம் தென்படாது. எனவே விஞ்ஞானிகள் பிறபொருளெதிரியின் உதவியை நாடினர். அந்நியப் புரதமொன்றை எலியின் உடலிற் செலுத்தினால், அதனைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை அவ்வுடல் ஆக்குகின்றது. அவற்றோடு ஒளிரும் சாயத்தைப் பிணைக்கும் முறையை 1941இல் அமெரிக்கரான அல்பேட் கூன்ஸ் காட்டினார். ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டுமளவு பெறும் வழியைக் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டனர். 1984இல் நோபல் பரிசும் பெற்றனர்.

ஆயினும் ஓர் அபாயம் உண்டு. அல்ஸ் புரதங்கள் உடன்பிறந்தார்போல் ஒத்த சாயலுடையன. அண்ணனைக் காட்டவேண்டிய சாட்சி தம்பியைக் காட்டிவிட்டால் என் செய்வது? ஆகவே சாட்சியையே முதலிற் சோதிக்கின்றனர். அல்ஸ்-3க்குரிய பரம்பரையலகை நீக்கிய மதுவம் ஒளிருமாயின், அச்சாட்சி பொய். அந்தப் பரம்பரையலகைப் பாண் ஈஸ்டிலே புகுத்தியபின் அதன் சுவர் ஒளிருமாயின், சாட்சி மெய் என்பதற்கு அது துணை.

இவ்வாறு தேர்ந்த சாட்சி சொன்னது யாது? உருண்டை வடிவான மதுவத்தில் ஒளியில்லை. இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில் அதனை இட்டு, நம் உடற்சூடாகிய 37 பாகையில் வைத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் முளைபோன்ற இழையொன்று நீளும். அந்த இழை பளிச்சென ஒளிரும். தாய்க்கலமோ இருண்டே கிடக்கும். வடிவம் மாறும்போதே பகைவன் உறையிலிருந்து வாளை உருவுகின்றான்!

அல்ஸ்-3இன் ஒரு பகுதியைக் கொண்டு ஆக்கிய தடுப்பூசி, இந்நோய் மீண்டும் மீண்டும் வரும் பெண்களிடத்துப் பரீட்சிக்கப்பட்டு, அதன் பெறுபேறுகள் 2018இல் வெளியாயின. இத்தகைய முயற்சிகளுக்கு இலக்கு எது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இலக்கைக் காட்டும் சாட்சி பிழைத்தால், நோயாளிக்காகத் தொடுக்கும் அம்பும் பிழைக்கும். ஆய்வுகூடத்தின் பொறுமையான சோதனை, முகமறியா நோயாளியின் உயிருக்குக் காவலன்றோ!