விக்டோரியா காலத்து ஜப்பானியபாணி உணவுக்கலங்கள்

விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) இங்கிலாந்தில் செய்யப்பட்டு, ஜப்பானியக் கலையைத் தழுவிய அலங்காரம் பெற்ற தட்டுகள், கோப்பைகள், கிண்ணங்கள் முதலியவற்றை இன்று பலர் சேகரிக்கின்றனர். இவற்றில் 1870, 1880களைச் சேர்ந்த, பழுப்பு மையில் அச்சிட்ட மண்கலங்களே மிகுதி.

நெடுங்காலம் மூடியிருந்த ஜப்பான், 1850களில் மேலை நாடுகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 1862இல் நடந்த லண்டன் பன்னாட்டுக் கண்காட்சியில், ஜப்பானில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ரதர்ஃபோர்டு ஆல்காக் சேகரித்த பொருள்கள் வைக்கப்பட்டன. அதன்பின் விசிறி, மூங்கில், கொக்கு, பிளம் மலர்க்கிளை ஆகியவை ஆங்கிலேயரின் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. நடுவில் ஒரு காட்சி, சுற்றிலும் சீரான பூவிளிம்பு என்ற பழைய முறை மாறியது. கிளை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபக்கம் வெறுமையாக விடப்பட்டது. வடிவமைப்பாளர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் 1876–77இல் ஜப்பானுக்கே சென்று வந்தார். ஆனால் பலர் அந்நாட்டைப் பார்த்ததேயில்லை. அதனால்தான் ஜப்பானிய விசிறிக்குப் பக்கத்தில் ஆங்கிலக் கிராமக் காட்சியும் ஒரே தட்டில் இருக்கும். இந்தக் கலப்படமே இவற்றின் அழகு என்றும் சொல்லலாம்.

செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்சிட்டு, அத்தாளைச் சுட்ட கலத்தின்மேல் ஒட்டித் தேய்த்து, பின் நீரில் கழுவி நீக்குவர். பிறகு மெருகு பூசி மீண்டும் சுடுவர். கையால் வரைவதைவிட இது மலிவு; நடுத்தரக் குடும்பங்களும் முழுத்தொகுதி வாங்க முடிந்தது.

கலத்தின் காலத்தை அறிய அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களுக்குச் சாய்சதுர முத்திரை உண்டு. அதன் உச்சியிலுள்ள வட்டத்தில் ரோம எண்ணில் நான்கு இருந்தால் மண்கல வகை. 1868க்குப் பிந்தியவற்றில் வலமூலை எழுத்து ஆண்டைக் குறிக்கும். அங்கே 'ஒய்' இருந்தால் 1879. புதியவர்கள் தவறுவது இங்கேதான். அது வடிவம் பதிவான ஆண்டு. கலம் செய்த ஆண்டன்று. விற்பனையான வடிவத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சிட்டனர். 1884 முதல் சாய்சதுரத்துக்குப் பதிலாகத் தொடர் எண் வந்தது. 'இங்கிலாந்து' என்ற சொல்லும் இருந்தால், அமெரிக்கச் சுங்கச் சட்டம் காரணமாக 1891க்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மெருகில் மயிரிழை வெடிப்புகள் இருப்பது இயல்பு. விரலால் சுண்டும்போது மந்தமாக ஒலித்தால் உடைசலோ ஒட்டுவேலையோ இருக்கக்கூடும். கறையைப் போக்கச் சலவைத்தூள் நீரில் ஊறவைப்பது பெருந்தவறு. வெடிப்பின் வழியே உட்புகுந்து மெருகை உரித்துவிடும். அக்கால மெருகில் ஈயம் சேர்ப்பது வழக்கமாதலால், இவற்றில் உணவு பரிமாறாமல் காட்சிக்கு வைப்பதே பாதுகாப்பு. புளிப்பான உணவு ஈயத்தை எளிதில் கரைக்கும்.