பழைய டிராக்டர்: பிளாக்கில் விரிசலா? முதலில் சோதனை, பிறகு செலவு

பழைய டிராக்டரைக் குறைந்த விலைக்கு வாங்கி, எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து ஓட்டும் சிறு விவசாயிகள் பலர் உண்டு. மாஸி பெர்குசன் 1035, போர்டு 3600 போன்ற பழைய வண்டிகளின் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பினால் ஆனது. அதில் விரிசல் இருப்பது தெரியாமல் போரிங், லைனர், பிஸ்டன், பேரிங் என்று செலவு செய்துவிட்டால் அத்தனை பணமும் வீணாகும். ஆகவே எஞ்சினைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பிளாக்கைச் சோதிப்பதுதான்.

விரிசல் ஏன் விழுகிறது?

வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. தண்ணீர் வற்றியோ, விசிறி பெல்ட் அறுந்தோ கொதித்துப்போன எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், ஒரு பகுதி மட்டும் சட்டென்று சுருங்கி வெடிக்கிறது. உப்புத் தண்ணீரால் உள்ளே படிவு சேர்ந்து சூடு வெளியேறாமல் போவதும், லைனரை அளவுக்கு மீறி இறுக்கமாக இறக்குவதும், கனெக்டிங் ராடு முறிந்து அடிப்பதும் மற்ற காரணங்கள்.

அறிகுறிகள்

வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறையும். ஆயில் பால் கலந்த காப்பி நிறமாகும். அளவுக் குச்சியில் மட்டம் ஏறும். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழிகள் வரும். ஆனால் ஹெட் கேஸ்கட் எரிந்தாலும், ஹெட்டில் விரிசல் இருந்தாலும் இப்படித்தான். வெட் லைனரின் ரப்பர் வளையம் கெட்டாலும் தண்ணீர் ஆயிலில் இறங்கும். பிளாக்கின் மேல் பழி போடுமுன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சோதிக்கும் முறை

பிளாக்கை அழுக்கு, துரு போகக் கழுவிக் காயவையுங்கள். சந்தேகமான இடத்தில் டீசலைத் தடவி அரை மணி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த டீசல் கசிந்து கோடாகத் தெரியும். மெல்லிய விரிசலுக்கு இது போதாது. பெரிய பட்டறைகளில் தண்ணீர் வழிகளை அடைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 கிலோ அழுத்தத்தில் சோதிப்பார்கள். ஹெட்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இடத்தைப் பொறுத்தே முடிவு

தண்ணீர் ஓடும் வெளிச் சுவரில் விரிசல் என்றால் பயமில்லை. அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு மேலும் ஓடாமல் நிறுத்தி, நெடுக ஆணிகளை முறுக்கி இறக்கி அடைக்கலாம். இதை மெட்டல் ஸ்டிச்சிங் என்பார்கள். சூடு இல்லாத வேலையாதலால் பிளாக் கோணாது. சிலிண்டர் துளைக்குள் விரிசல் என்றால், இடம் இருந்தால் துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் இறக்கலாம். மெயின் பேரிங் அமரும் இடத்தில் விரிசல் என்றால் அந்தப் பிளாக்கைக் கைவிடுவதே நல்லது. கிராங்க் ஷாப்டின் பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது.

வெல்டிங்கில் எச்சரிக்கை

இரும்புக் கதவுக்கு வைக்கும் சாதாரண வெல்டிங் ராடைப் பிளாக்கில் வைக்க விடாதீர்கள். ஒட்டிய இடம் கடினமாகி, பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். நிக்கல் ராடால் ஓர் அங்குலம் அளவே வைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, சூடு ஆறவிட்டு அடுத்த அங்குலம் வைக்க வேண்டும். ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுகல் மருந்து நிலைக்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

எந்த முறையில் சரிசெய்தாலும் எஞ்சினைப் பூட்டுவதற்கு முன் மறுபடியும் அழுத்தச் சோதனை செய்யுங்கள். வேறு பழைய பிளாக் வாங்குவதானாலும் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். எஞ்சின் கொதித்தால் நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். அரை நாள் உழவு தடைப்பட்டாலும் பிளாக் தப்பும்.