மாதிரிப் புகையிரதங்களுக்கு ஒலியூட்டல்

கண்ணாற் கண்ட பெரும்பொருளைக் கைக்கு அடக்கமாகச் செய்து பார்த்து மகிழ்தல் மனித இயல்பு. மரத்தேரும் மண்குதிரையும் அவ்வியல்பின் வெளிப்பாடுகளே. மேலைநாடுகளிற் புகையிரதம் தோன்றியபின் அதன் சிற்றுருவங்களும் தோன்றலாயின. ஜேர்மனியில் 1859இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனம், நியூ யோர்க்கில் 1900இல் தொடங்கிய லயனல் நிறுவனம், 1920இல் புகையிரத மாதிரிகளை வெளியிடத் தொடங்கிய இங்கிலாந்தின் ஹோர்ண்பி என்பன இத்துறையிற் பெயர்பெற்றவை. இவர்கள் செய்த எஞ்சின்கள் உருவத்தாலும் நிறத்தாலும் நாளடைவில் மூலத்தை நெருங்கின. ஆயினும் ஒரு குறை நெடுங்காலம் நீங்காதிருந்தது. நீராவி எஞ்சின் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே காதுக்குப் புலப்படுவது. அதன் மாதிரியோ மின்மோட்டரின் இரைச்சலையும் பற்சில்லுகளின் கறகறப்பையுமே எழுப்பி ஓடிற்று. அக்குறையை நீக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் யாவை, இன்று பழைய மாதிரியொன்றுக்கு ஒலியூட்ட விரும்புவோர் அறியவேண்டியவை யாவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் நீராவி எஞ்சினின் ஒலி எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். உருளையினுள்ளே பிஸ்டனைத் தள்ளி வேலைசெய்து முடித்த நீராவி, புகைபோக்கியின் வழியே வெளியேறும்போது 'குப்' என்னும் ஓசை எழுகின்றது. பிஸ்டனின் இரு பக்கத்திலும் நீராவி மாறிமாறிப் புகுவதால், சில்லு ஒருமுறை சுற்றுவதற்குள் ஓர் உருளை இருமுறை நீராவியை வெளிவிடும். ஆகவே இரண்டு உருளைகளையுடைய சாதாரண எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு ஓசைகள் எழும். மூன்று உருளைகளையுடைய எஞ்சினில் ஆறு எழும். நான்கு உருளைகளிருப்பின் எட்டு எழவேண்டுமெனத் தோன்றும்; ஆனால் பெரும்பாலான நான்குருளை எஞ்சின்களில் இரண்டிரண்டு உருளைகள் ஒரே கணத்தில் நீராவியை வெளிவிடுமாதலின் நான்கு ஓசைகளே கேட்கும். 1926இல் இங்கிலாந்தின் தெற்குப் புகையிரதப் பகுதியார் கட்டிய 'லோர்ட் நெல்சன்' எஞ்சின் இதற்கு விலக்கு. அதன் சுழற்றிகள் வேறொரு கோணத்தில் அமைக்கப்பட்டமையால் ஒரு சுற்றுக்கு எட்டு ஓசைகள் மெல்லெனத் தொடர்ந்து எழுந்தன.

எண்ணிக்கை மாத்திரமன்றி வேகமும் நோக்கற்பாலது. 1923இல் டொன்காஸ்டரிற் கட்டப்பட்ட 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' என்னும் மூன்றுருளை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பெருஞ்சில்லின் விட்டம் 80 அங்குலம். எனவே ஒரு சுற்றில் அது ஏறக்குறைய 21 அடி முன்னேறும். மணிக்கு 10 மைல் வேகத்தில் அதன் ஓசைகள் செக்கனுக்கு நான்கு; ஒவ்வொன்றையும் காது தனித்தனியே எண்ணிவிடும். மணிக்கு 60 மைல் வேகத்தில் அவை செக்கனுக்கு இருபத்தைந்தாகின்றன. அப்பொழுது ஓசைகள் பிரிந்து நில்லாமல் ஒன்றோடொன்று கலந்து ஒரே முழக்கமாகிவிடும். மிருதங்கத்தில் முதற்காலத்தில் தனித்தனியே ஒலித்த சொற்கள் மூன்றாங்காலத்தில் நெருங்கித் தொடர்வதை ஒப்புநோக்குக. காலம் மாறினும் கணக்கு மாறாது. கணக்குத் தப்பிய மிருதங்கம் எத்துணை இனிய நாதமுடையதாயினும் கச்சேரிக்கு உதவாதவாறுபோல, சில்லோடு பொருந்தாத ஓசை எத்துணைத் தெளிவாக ஒலிப்பினும் எஞ்சினின் ஓசையாகாது.

சில்லைப் போன்றே சுமையும் ஒலியை மாற்றும். நிலையத்தினின்று புறப்படும்போது சாரதி நீராவியை மிகுதியாகப் புகவிடுவார். ஓசைகள் ஓங்கி ஒலிக்கும். வேகம் கைகூடியபின் நீராவியைக் குறைப்பார், ஓசைகள் மென்மையாகும். சரிவில் இறங்கும்போது நீராவியை அடைத்துவிடின் 'குப்' ஓசை அறவே நின்று, இணைப்புத் தண்டுகளின் கிணுகிணுப்பே எஞ்சும். ஆகவே ஒலியூட்டலின் உண்மைத்தன்மை ஒலியின் உரப்பிலன்று. சில்லோடும் சுமையோடும் அது கொண்ட தொடர்பிலேயே தங்கியுள்ளது. இதுவரை தோன்றிய முறைகள் அனைத்தையும் இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடலாம்.

பெரும் வெற்றிபெற்ற முந்திய முயற்சிகளுள் லயனல் நிறுவனம் 1935இல் வெளியிட்ட ஊதொலி குறிப்பிடத்தக்கது. எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் ஏற்றிவரும் டெண்டர் என்னும் வண்டியினுள் ஒரு சிறு மோட்டர் விசிறியைச் சுழற்ற, அதன் காற்று ஊதற்குழலினுட் புகுந்து ஒலித்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் வேண்டியபோது மாத்திரம் அதனை ஒலிப்பித்த வகையே வியத்தற்குரியது. லயனல் புகையிரதங்கள் ஆடலோட்ட மின்சாரத்தில் ஓடின. பொத்தானை அழுத்தியதும் அதனோடு சிறிதளவு நேரோட்டமும் சேர்ந்து தண்டவாளத்திற் பாயும். எஞ்சின் மோட்டர் இரு வகை மின்சாரத்திலும் ஓடவல்லது. டெண்டரிலுள்ள ரிலேயோ நேரோட்டத்தால் மாத்திரம் இழுக்கப்பட்டு ஊதல் மோட்டருக்கு வழிதிறந்துவிடும். மேலதிக கம்பி எதுவுமின்றி ஒரே தண்டவாளத்தின் வழியே ஓட்டமும் கட்டளையும் சென்றன. இக்காலத்து முறைகளுக்கெல்லாம் இதுவே முன்னோடி எனலாம்.

அந்நிறுவனம் 1948இல் டீசல் எஞ்சின் மாதிரியொன்றை வெளியிட்டபோது, கைவிளக்கில் இடும் உலர்மின்கலத்தால் ஒலிக்கும் ஊதுகொம்பு ஒன்றை அதனுள் அமைத்தது. 'குப் குப்' ஓசையைத் தேடியவர்களோ வேறு வழிகளை நாடினர். அமெரிக்கன் பிளையர் என்னும் பெயரில் கில்பேர்ட் நிறுவனம் 1946இல் வெளியிட்ட மாதிரிகள் புகையையும் ஓசையையும் ஒருங்கே வெளிவிட்டன. பிரித்தானியாவில் 1970களிற் சில மாதிரிகளின் டெண்டர் அச்சோடு உராய்வுக் கருவியொன்று இணைக்கப்பட்டது. அச்சுச் சுழலும்போது அது விட்டுவிட்டு உராய்ந்து நீராவியோசை போன்ற ஒன்றை எழுப்பிற்று. எளிய முறையாயினும் வேகத்தோடு ஓசையும் விரைந்தமை இதன் சிறப்பு.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. டெண்டரின் சில்லு எஞ்சினின் சில்லிலுஞ் சிறியது. பிளையிங் ஸ்கொட்ஸ்மனின் டெண்டர்ச் சில்லின் விட்டம் 50 அங்குலம். பெருஞ்சில்லின் ஒரு சுற்றுக்கு ஆறு ஓசைகள் வேண்டுமாயின், சிறுசில்லின் ஒரு சுற்றுக்கு மூன்றேமுக்கால் ஓசைகளே வேண்டும். முழு எண்ணாக நான்கு ஓசைகளை அமைத்தால் எஞ்சின் உண்மைக்குச் சற்று விரைவாக மூச்சுவிடுவதுபோற் கேட்கும். ஆதலின் ஓசையின் கணக்கை எஞ்சினின் பெருஞ்சில்லினின்றே பெறுதல் சிறந்தது.

1970களில் அமெரிக்காவின் பசிபிக் பாஸ்ட் மெயில் நிறுவனம் அவ்வழியையே கையாண்டது. ஒலியை உண்டாக்கும் மின்னணுக் கருவி வெளியே ஒரு பெட்டியில் இருந்தது; எஞ்சினினுள் ஒலிபெருக்கி மாத்திரம் இருந்தது; ஒலி தண்டவாளத்தின் வழியே சென்றது. சில்லின் அச்சிலிருந்த தொடுகை ஒவ்வோர் ஓசைக்குரிய கணத்தையும் அறிவித்தது. பின்னர் 1990களில், அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனத்தாரின் அமைப்பைத் தழுவி இலக்கமுறைக் கட்டுப்பாட்டிற்குப் பொதுநியமங்களை வகுத்தது. இம்முறையில் தண்டவாளத்தில் எப்பொழுதும் முழு மின்னழுத்தம் இருக்கும்; அதனோடு இலக்கக் கட்டளைகளும் செல்லும். எஞ்சினினுள் இருக்கும் டிகோடர் என்னும் சிறு கருவி தனக்குரிய கட்டளையை மாத்திரம் ஏற்று மோட்டரை ஓட்டும். மெய்யான எஞ்சின்களிலிருந்து பதிவுசெய்த ஒலிகளைத் தாங்கிய டிகோடர்கள் அதன்பின் வெளிவந்தன. அவை கணப்பொழுது மோட்டருக்குரிய மின்சாரத்தை நிறுத்தி, சுழலும் மோட்டர் தானே பிறப்பிக்கும் மின்னழுத்தத்தை அளக்கும். அவ்வளவினின்று வேகத்தையும் சுமையையும் உணர்ந்து ஓசையை ஓங்கவும் ஒடுங்கவும் செய்யும். முன்னர்க் கூறிய இரு தொடர்புகளும் இவ்வாறு ஒருங்கே கைகூடின.

இனி, பழைய மாதிரியொன்றை வைத்திருப்பவர் செய்யக்கூடியது யாது? இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, எஞ்சினின் மோட்டரையும் கம்பிகளையும் தொடாது விடுத்து, தனி மின்கலத்தால் இயங்கும் ஒலிக்கருவியை டெண்டரிலோ எஞ்சினை அடுத்த பெட்டியிலோ வைத்தல். பெருஞ்சில்லின் அச்சில் நான்கு சிறு காந்தங்களைச் சமதூரத்தில் ஒட்டி, அருகே காந்த ஆளி ஒன்றைப் பொருத்தினால், ஒவ்வொரு காந்தமும் கடக்கும்போது சுற்று மூடி ஓர் ஓசை எழும். மூன்றுருளை எஞ்சினாயின் காந்தங்கள் ஆறாதல் வேண்டும். மின்கலத்தை மாத்திரம் நெடுநாள் உள்ளே விட்டுவைத்தல் கூடாது. முன்கூறிய ஊதுகொம்பு மாதிரிகளிற் பல, உள்ளே மறந்துவிடப்பட்ட கலங்கள் கசிந்து அடித்தட்டை அரித்தமையாலேயே பாழாயின.

இரண்டாவது வழி டிகோடரைப் பொருத்துதல். இங்கு மூன்று சோதனைகள் இன்றியமையாதன. முதலாவது காவற்சோதனை. பிரித்தானியாவின் ட்ரை-ஆங் எக்ஸ்.04 போன்ற பழைய மோட்டர்களில் இரண்டு தூரிகைகளுள் ஒன்று உலோக அடித்தட்டோடு தொடுகையுற்றிருக்கும். அடித்தட்டோ ஒருபக்கத் தண்டவாளத்தோடு தொடர்புடையது. அத்தூரிகையைக் காவலிட்டுப் பிரிக்காமல் டிகோடரை இணைப்பின் அது கணத்திற் கருகிவிடும். இரண்டாவது மின்னோட்டச் சோதனை. 12 வோல்ட் செலுத்திச் சில்லுகளைக் கணப்பொழுது சுழலாது தடுத்து அம்பியர்மானியை நோக்குதல் வேண்டும். அங்கே தோன்றும் அளவைத் தாங்கவல்ல டிகோடரையே தெரிதல் தகும். பழைய மோட்டர்களின் காந்தம் வலுக்குன்றியிருப்பின் அவை மிகுந்த மின்னோட்டத்தை உண்ணும். புதிய காந்தம் இடுதல் இதற்கு மருந்தாகும். மூன்றாவது தொடுகைச் சோதனை. மோட்டர் கணப்பொழுது மின்சாரத்தை இழந்தாலும் தன் வேகத்தால் ஓடிவிடும். ஒலியோ உடனே அறுந்துபோம். ஆகவே சில்லும் தண்டவாளமும் துப்புரவாக இருத்தல் வேண்டும். கூடியவரை எல்லாச் சில்லுகளிலிருந்தும் மின்சாரம் பெறுதல் நன்று. சிறு இடைவெளிகளைக் கடத்துவதற்குக் கொள்ளளவி ஒன்றும் உதவும்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சில கூறவேண்டும். அதன் தகடு முன்னே காற்றை அழுத்தும் அதே கணத்திற் பின்னே காற்றைத் தளர்த்தும். பெட்டியின்றி வைத்தால் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துத் தாழ்ந்த சுருதி முழுவதும் கெட்டுவிடும். ஆகவே பின்புறம் காற்றுப்புகாத சிறு பெட்டியொன்று வேண்டும். எனினும் சிறிய தகடு பெரிய எஞ்சினின் ஆழ்ந்த முழக்கத்தை எழுப்பமாட்டாது. மேற்சுரங்கள் தெளிவாக ஒலிப்பின், இல்லாத அடிச்சுருதியைக் காது ஒருவாறு தானே நிரப்பிக்கொள்ளும் என்பது ஆறுதலுக்குரியது. ஒலியை உரக்க வைத்தலும் பிழையே. 76இல் ஒரு பங்கான மாதிரியை ஒரு மீற்றர் தொலைவில் நின்று நோக்குதல், மெய்யான எஞ்சினை 76 மீற்றர் தொலைவில் நின்று நோக்குதலை ஒக்கும். அத்தொலைவிற்கேற்ற ஒலியே கண்ணோடு இசையும்.

இவையெல்லாம் பொழுதுபோக்குக்காரரின் வீண்கவலை என எண்ணுதல் கூடாது. அமெரிக்காவின் நோபோக் வெஸ்டேர்ண் பகுதியில் நீராவி எஞ்சின்கள் 1960இல் ஓய்ந்தன. பிரித்தானியத் தேசியப் புகையிரதப் பகுதியில் நீராவி எஞ்சின்களின் பொதுச்சேவை 1968 ஆகத்து மாதத்தில் முடிவுற்றது. அம்முடிவு நெருங்குவதை உணர்ந்து, அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்னும் புகைப்படக் கலைஞரும், இங்கிலாந்தில் பீற்றர் ஹான்ட்போர்ட் என்னும் திரைப்பட ஒலிப்பதிவாளரும் ஒலிவாங்கிகளோடு பாதையோரங்களிற் காத்திருந்து அவ்வொலிகளைப் பதிவுசெய்தனர். இன்று பாதுகாக்கப்பட்ட சில எஞ்சின்கள் ஓடினும், நெடிய பாரவண்டிகளை ஏற்றத்தில் இழுத்த நாளாந்த உழைப்பின் ஒலியை நேரிற் கேட்டவர்கள் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். கேட்டறியாத சிறுவனுக்கு மாதிரியே மூலமாகின்றது. மூன்றுருளை எஞ்சினில் நான்கோசையைக் கேட்டு வளர்பவன் அதனையே மெய்யென்று கொள்வான். ஆகவே மாதிரிக்கு ஒலியூட்டுபவர் தம்மையறியாமலே ஓர் ஆசிரியராகின்றார். பிழைபடக் கற்பித்தல் கற்பியாதுவிடுதலினும் தீது.

பழைய மாதிரிக்கும் ஓர் உரிமை உண்டு. அது மூலத்தின் சாயல் மாத்திரமன்று. தன் காலத்துத் தொழிலாளரின் கைவண்ணத்துக்குத் தானே சான்றாகவும் நிற்பது. 1935ஆம் ஆண்டின் ஊதல் உண்மையான ஊதலை முற்றும் ஒத்ததன்றாயினும், அக்காலத்தவர் எதனைக் கேட்டு மகிழ்ந்தனர் என்பதற்கு அதுவே சாட்சி. அதனைப் பிடுங்கி எறிந்து புதியதொன்றை வைப்பது பழஞ்சுவடியின் வரியை அழித்துப் புதிது எழுதுவதை ஒக்கும். உடலிற் புதுத்துளை இடாமலும், கழற்றிய உறுப்புகளைப் பெயரிட்டுப் பேணியும், வேண்டின் முன்னைய நிலைக்கு மீட்கத்தக்கவாறும் மாற்றுதலே முறை. அரிய மாதிரியாயின் அடுத்த பெட்டியிற் கருவியை வைக்கும் முதலாவது வழியே சாலச் சிறந்தது.

சுருங்கக் கூறின், சில்லின் கணக்கு முதலாவது, சுமையின் குறிப்பு இரண்டாவது, ஒலியின் இனிமை மூன்றாவது. இவை மூன்றுக்கும் மேலாகப் பழம்பொருளுக்கு ஊறு செய்யாமை என்பது ஒலியூட்டுவார் கொள்ளவேண்டிய ஒழுங்காகும். இவ்வொழுங்கில் நிற்போர் கையில் ஒரு விளையாட்டுப் பொருள், மறைந்துபோன ஒரு காலத்தின் மூச்சை மெய்யாகவே எடுத்துரைக்கும்.