கூடைப்பந்தும் மூடிய கதவும்

மீஞ்சூரிலிருந்து ரயிலேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து புதிய விளையாட்டன்று. சற்று நெட்டையாக வளர்ந்துவிட்ட பையனைத் தேகப்பயிற்சி ஆசிரியர் சும்மா விடுகிறாரா? வளையத்தின் கீழே கொண்டு நிறுத்திவிடுகிறார்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர். 1891-ஆம் வருஷம் டிசம்பரில், அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டிப் பதின்மூன்று விதிகளையும் எழுதி ஒட்டினார். பந்து கூடைக்குள் விழுந்தால் யாராவது ஏறித்தான் எடுக்கவேண்டும்! அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுவே. ஆகவே நெய்ஸ்மித் நமக்கு அவ்வளவு அந்நியர் அல்லர்.

அவர் தமது முதுமையில் மற்றொரு காரியத்துக்கும் துணை நின்றார். பெரிய சர்வகலாசாலைகளின் ஆட்டத்துக்குக் கூட்டமும் உண்டு, பத்திரிகைகளில் படமும் உண்டு. சிறிய கல்லூரிகளை யார் சீந்துவார்? அவற்றுக்கென்றே 1937-ல் மிஸௌரி மாகாணத்துக் கான்ஸஸ் நகரில் ஒரு தேசியப் பந்தயம் தொடங்கப்பட்டது. முன்னின்று உழைத்தவர் பேக்கர் கல்லூரியைச் சேர்ந்த எமில் லிஸ்டன். முதல் வருஷம் எட்டுக் கோஷ்டிகள், மறுவருஷமே 32. ஒருமுறை தோற்றால் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். கோப்பையை விரும்பியவர்கள் ஒரே வாரத்தில் ஐந்து ஆட்டங்களை வெல்லவேண்டியிருந்தது.

எளியவர்களுக்கென்று திறந்த இந்தக் கதவு கறுப்பு நிறத்தவருக்கு மட்டும் மூடியே இருந்தது. கறுப்பின மாணவர் ஆடக்கூடாது என்பது விதி. ஊர்க் குளத்தில் இன்னார் இறங்கலாம், இன்னார் இறங்கலாகாது என்று வாதாடிய நம்மவருக்கு இது விளங்காத விஷயமன்று.

1947-ல் இண்டியானா மாகாண ஆசிரியர் கல்லூரிக்கு அழைப்பு வந்தது. அதன் கோஷ்டியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் ஒருவர் இருந்தார். அவர் முதல் ஐவரில் ஒருவர்கூட அல்லர். வேண்டும்போது இறக்கப்படும் மாற்று ஆட்டக்காரர். அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் ஆட்டம் கெட்டிராது. ஆயினும் பயிற்சியாளர் ஜான் வுட்டன் அழைப்பையே மறுத்துவிட்டார்.

மறுவருஷம் மீண்டும் அழைப்பு. வேறு கல்லூரியிலிருந்தும் எதிர்ப்பு எழவே, விதி தளர்ந்தது. எப்படித் தளர்ந்தது தெரியுமா? வாக்கர் ஆடலாம், ஆனால் தம் தோழர்களுடன் ஒரே ஹோட்டலில் தங்கக்கூடாது! வுட்டன் இதற்கும் இசைவதாயில்லை. வாக்கரின் பெற்றோரும், கறுப்பின மக்களின் உரிமைக்குப் பாடுபட்ட சங்கத்தாரும் போகும்படி சொன்ன பிறகே புறப்பட்டார். 1947-ல் மறுத்ததைக் காட்டிலும் 1948-ல் போனதே கடினமான செயல் என்பது நமது எண்ணம். மறுத்தபோது நஷ்டம் கோஷ்டி முழுவதற்கும்; போனபோது அவமதிப்பு வாக்கர் ஒருவருக்கே. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் ஹோட்டலுக்குத் திரும்புகையில், அவர் மட்டும் அவ்வூர்க் கறுப்பினப் பாதிரியார் ஒருவரின் குடும்பத்துடன் தங்கினார். கோஷ்டி இறுதி ஆட்டம்வரை சென்று, லூயிவில் கோஷ்டியிடம் 82-க்கு 70 என்று தோற்றது. வுட்டன் பிற்பாடு கலிபோர்னியாவில் பத்துத் தேசியப் பட்டங்கள் வென்று பெரும்புகழ் பெற்றார். வாக்கரை அறிந்தவர் சிலரே.

1953-ல் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பந்தயத்தில் இடம் கிடைத்தது. 1957, 1958, 1959 ஆகிய மூன்று வருஷங்களும் தொடர்ந்து கோப்பையைக் கொண்டுபோனது நாஷ்வில் நகரத்து டென்னஸி ஏ. அண்டு ஐ. என்ற கறுப்பினக் கல்லூரி. அதன் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன், கான்ஸஸ் சர்வகலாசாலையில் நெய்ஸ்மித்திடமே பாடம் கேட்டவர். வகுப்பில் உட்கார இடங்கொடுத்த அந்தச் சர்வகலாசாலை, நிறம் காரணமாகத் தன் கூடைப்பந்துக் கோஷ்டியில் அவரைச் சேர்க்கவில்லை.