பதினெட்டு முடிந்தாலும் பிள்ளைக்குப் பணம்

பத்துமலைப் படிக்கட்டுக்குக் கீழே பூ விற்கிறேன். சரம் வாங்க வரும் பெண்கள் சிலர் மெதுவாக விவாகரத்து பற்றிக் கேட்பார்கள். நானும் கோர்ட் ஏறியவள்தானே!

முஸ்லிம் அல்லாத நமக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம்தான். இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு. ஒருவர் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் முதலில் சமரசக் குழு.

ஜீவனாம்சத்துக்குச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று கணக்கு கிடையாது. அவர் வசதி, நம் தேவை இரண்டையும் நீதிபதி பார்ப்பார். அதனால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பள்ளி பஸ், டியூஷன், கிளினிக் எல்லாவற்றையும் நான் ஒரு மைலோ டின்னில் திணித்து வைத்திருந்தேன். நாம் மறுமணம் செய்தால் நமக்கு வருவது நிற்கும். பிள்ளைக்கு வருவது அதற்காக நிற்காது.

முன்பெல்லாம் உடல், மனக் குறையுள்ள பிள்ளை தவிர மற்றவர்களுக்கு 18 வயதோடு சரி. டிப்ளோமா சேரும் நேரம் பார்த்து அப்பா கையை விரிப்பார். 2018 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்த திருத்தம், மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை அதை நீட்டியது.

கட்டாமல் டிமிக்கி கொடுத்தால், முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்ட உத்தரவு வாங்கலாம். 1968லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நாள்கூலிக்காரரிடம் எதைப் பிடிப்பது என்பதுதான் பெரும்பாடு.