கம்பியில்லா ஆய்வுக்குக் கம்பிதான் துணை

வயலின் ஈரத்தையோ பாலத்தின் அதிர்வையோ அளந்து, ஒன்றுக்கொன்று வானலையில் கைமாற்றிக் கரைசேர்க்கும் சிறு கருவிகளின் கூட்டமே கம்பியில்லா உணரி வலையமைப்பு. அதற்கான நிரலைக் கணினியில் பாவனையாக ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் சுவரும் ஆள் நடமாட்டமும் பக்கத்து வைஃபையும் அலையைக் குலைக்கும் விதம் அதில் முழுதாகத் தெரியாது. நிஜக் கருவிகள் வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கில். எத்தனை ஆய்வுக்கூடங்களுக்கு அது கட்டுப்படியாகும்?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘மோட்லேப்’ இதற்கு வழிகாட்டியது. 2005-ல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. பின்னர் மோட்லேப் வளர்ந்து, ஒரே கட்டடத்தின் மூன்று தளங்களில் 190 ‘டிமோட் ஸ்கை’ கருவிகள் பரவின. ஒவ்வொன்றிலும் 10 கிலோபைட் ரேம் நினைவகம்தான்; ரேடியோவின் வேகம் நொடிக்கு 250 கிலோபிட். உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆய்வாளர் பதிவு செய்துகொண்டு, நிரலை இணையத்தில் ஏற்றி, நேரம் குறிக்க முடிந்தது. அந்த நேரம் வந்ததும் நிரல் தானாகக் கருவிகளில் ஏறி ஓடியது. ஒவ்வொரு கருவியும் சொன்னது தரவுத்தளத்தில் சேர்ந்தது.

இதன் சூட்சுமம் கம்பியில் இருந்தது. கருவிகள் தமக்குள் பேசியது ரேடியோவில். ஆய்வாளரிடம் பேசியது கம்பியில். முடிவுகளையும் ரேடியோவிலேயே அனுப்பினால், அளக்க வந்த போக்குவரத்தில் அளப்பவரின் நெரிசலும் கலந்துவிடும். நிரல் பிழையால் ரேடியோ ஊமையானாலும், கம்பி வழியே புது நிரல் ஏற்றி மீட்டுவிடலாம்.

பிரான்சின் ‘ஐஓடி-லேப்’ இன்னும் ஒரு படி மேலே போனது. பல நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளை நிறுவி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண்காணிப்புக் கருவியை வைத்தது. மின்செலவை அது வெளியிலிருந்தே அளந்து சொன்னது. பேட்டரியை நம்பி வாழும் கருவிக்கு அந்தக் கணக்குதான் ஆயுள் கணக்கு.

கட்டடத்தில் தேறிய நிரல் காட்டிலும் மழையிலும் தேறும் என்று உறுதி சொல்ல முடியாது. களச் சோதனை தனியே வேண்டும். ஆனாலும் இந்தப் பொதுக்கூடங்கள் அறிவியலுக்குச் செய்யும் பெரிய உதவி ஒன்று உண்டு. இருவர் தத்தம் முறையே சிறந்தது என்று வாதிட்டால், இரண்டையும் அதே கருவிகளில், அதே சுவர்களுக்கிடையே ஓட்டிப் பார்க்கலாம். மூன்றாமவரும் அதைத் திரும்பச் செய்து சரிபார்க்கலாம். சொந்தமாக ஒரு கருவிகூட இல்லாத மாணவரும் அந்த மூன்றாமவராக இருக்க முடியும்.