பழைய கேமரா சுற்ற மறுக்கிறதா? முறுக்காதீங்க, உஷார்!

தாம்பரம்:
ஒரு காலத்தில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கல்யாண வீடுகளில் கொடிகட்டிப் பறந்தவை 120 பிலிம் கேமராக்கள். ஊட்டி ஆலையின் ‘இந்து’ பிலிம் போட்டு எடுத்தார்கள். இன்று ஆலையே மூடிக் கிடக்கிறது. இப்போது பேரப்பிள்ளைகள் பரணைக் குடைந்து அந்தக் கேமராக்களை வெளியே எடுக்கிறார்கள். கைப்பிடியோ நகர மறுக்கிறது!

உடனே பலம் காட்டுவதுதான் தப்பு. உள்ளே பல்சக்கரம் உடைந்தால் மாற்று உதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு.

1970 முதல் 1986 வரை வந்த ‘யாஷிகா மேட் 124ஜி’யைப் பாருங்கள். பிலிம் காகிதத்தின் அம்புக்குறி, உள்ளே இருக்கும் சிவப்புப் புள்ளிக்கு நேராக நின்ற பிறகே மூட வேண்டும். தவறினால் படங்கள் இடம் மாறி விழும். பின்மூடித் தகடு 12க்குப் பதில் 24இல் இருந்தாலும் கணக்கு கோளாறுதான். கைப்பிடியை நிற்கும்வரை சுற்றி, பின்பக்கமும் திருப்ப வேண்டும். பாதியில் விட்டால் அடுத்த படம் இல்லை!

எல்லாம் சரி, இன்னும் இறுக்கமா? பழைய கிரீஸ் பிசினாகியிருக்கும். எண்ணெய் ஊற்றாதீர்கள்; அது ஷட்டர் இதழ்களில் பரவி ஒட்டிக்கொள்ளும். பிரித்துத் துடைப்பது மெக்கானிக் வேலை.

ரிப்பேர் முடிந்ததும் வீணான ரோல் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். இடைவெளி சீராக இருந்தால் நல்ல பிலிம் போடலாம். ரோலுக்கு 12 படம்தான். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பாட்டியின் முகம் திரும்பக் கிடைக்காது!